லைப்ஸிக்கில் ஒரு திங்கட்கிழமை

ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இசைமேதை பாஹுக்காகப் போகிறார்கள். தாமஸ் ஆலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் அங்கே சிறுவர் பாடகர் குழு பாடும். அதற்கு ஏற்றபடி பயணத்தை அமைத்துக்கொண்டு ஞாயிறு மதியமே கிளம்பிவிடுவது வழக்கம். நான் ஒருநாள் கூடுதலாகத் தங்கினேன். எனக்கு வேண்டியிருந்தது திங்கட்கிழமை. அதுவும் மாலை ஐந்து மணி.

பெர்லினிலிருந்து வேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான். ரயில் வந்து நிற்பது 1915இல் கட்டி முடித்த பிரம்மாண்டமான நிலையம். எதிரே சாலையைக் கடந்தால் நிக்கோலாய் தெரு. செருப்புக்கடை, காப்பிக்கடை, துருக்கிக்காரர் நடத்தும் இறைச்சி ரொட்டிக்கடை எல்லாவற்றையும் தாண்டிப் பத்து நிமிடம் நடந்தால் நிக்கோலாய் ஆலயம். வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் சொல்வதற்கில்லை. பழைய கல், இடுக்கமான முற்றம், சுற்றிலும் ஆபீஸ் கட்டடங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வணிகர்கள் கூடும் சந்திப்பில் எழுந்த கோயில். பாஹின் யோவான் பாடுகளின் இசை 1724 பெரிய வெள்ளியன்று முதன்முதலாக ஒலித்தது இங்கேதான். ஆனால் அதைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு.

உள்ளே நுழைந்ததும் தலை தானாக மேலே நிமிர்ந்துவிடுகிறது. வெள்ளைத் தூண்கள் உயர்ந்து, உச்சியில் இளம்பச்சை ஓலைகளாக விரிகின்றன. பனிவிழும் ஊரில், ஒரு மரம்கூட இல்லாத வணிகத் தெரு நடுவில், ஒரு தோப்பு! பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் டவுத்தே என்ற கட்டடக் கலைஞர் உட்புறத்தை மாற்றியமைத்தபோது செய்த வேலை. அவர் மனதில் இருந்தது பேரீச்சையோ என்னவோ. திருநெல்வேலிச் சீமையில் பிறந்த எனக்கு நாசரேத்துப் பக்கத்துப் பனைகள்தான் தெரிந்தன.

ஐந்து மணிக்குச் சமாதான ஜெபத்துக்கான மணி அடித்தது. இருபது இருபத்தைந்து வரிசைகள் நிரம்பியிருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். முன்பக்கம் ஆங்காங்கே மனிதர்கள். பாதிக்கு மேல் நரைத்த தலைகள், சில கல்லூரிப் பிள்ளைகள், கேமராவைப் பைக்குள் வைக்கத் தயங்கும் இரண்டு சுற்றுலாப் பயணிகள். குருவானவர் அங்கி போட்டு வரவில்லை. நகரத்தில் இயங்கும் ஒரு மனித உரிமைக் குழுவைச் சேர்ந்த மூவர் ஒலிபெருக்கி முன் வந்து நின்றார்கள். ஒவ்வொரு வாரமும் ஜெபத்தைத் தயாரிப்பது வெவ்வேறு குழு. குருவானவர் வரவேற்றுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

ஒரு பாட்டு, ஒரு வேதவாசிப்பு, ஐந்தாறு நிமிடம் ஒரு விளக்கம். அப்புறம் மன்றாட்டு. உக்ரைன் வந்தது, காசா வந்தது, சூடான் வந்தது. மத்தியதரைக் கடலில் படகில் வருகிறவர்கள் வந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு மெழுகுவர்த்தி, சபை ஒரே குரலில் இரக்கம் கேட்டுப் பாடியது. இதுவரைக்கும் எங்கேயும் நடப்பதுதான். கடைசியில் ஓர் இளம்பெண் ஒரு தாளை விரித்து, பெலாரஸ் நாட்டில் சிறையில் இருக்கும் ஒருவருடைய பெயரை வாசித்தாள். அவர் செய்யும் தொழில், எந்தச் சிறை, எத்தனை மாதமாக வீட்டுக்குக் கடிதம் இல்லை என்று சொன்னாள். மறுபடி பெயரை வாசித்தாள். வாசலில் அட்டைகள் வைத்திருப்பதாகவும், போகும்போது ஆளுக்கொன்று எழுதிக் கையெழுத்திட்டுப் பெட்டியில் போடும்படியும் கேட்டுக்கொண்டாள். அதன்பிறகுதான் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

நான் வளர்ந்த ஊரில் ஞாயிறு ஆராதனையில் பொது ஜெபம் வந்தால், பிள்ளைகளாகிய நாங்கள் பாய் ஓலையைக் கிழித்து மோதிரம் செய்ய ஆரம்பிப்போம். அது அவ்வளவு நீளம். ஆளுகிறவர்கள், அதிகாரிகள், பிஷப், வியாதியஸ்தர், விதவைகள், திக்கற்ற பிள்ளைகள், பிரயாணம் போகிறவர்கள், மழை, விளைச்சல், உலக சமாதானம் என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். எல்லாருக்கும் இடம் உண்டு. அதனாலேயே யாருடைய முகமும் தெரியாது. இப்படி ஜெபிப்பதற்கு ஆதாரம் பழையது. எல்லா மனுஷருக்காகவும், ராஜாக்களுக்காகவும், அதிகாரத்திலுள்ள யாவருக்காகவும் விண்ணப்பம் செய்யச் சொல்லித் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் கேட்கிறது. நூற்றாண்டுகளாகச் சபைகள் அதைத் தவறாமல் செய்து வருகின்றன. கத்தோலிக்கப் பூசையில் மறைந்துபோயிருந்த விசுவாசிகளின் மன்றாட்டை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் மறுபடி கொண்டுவந்தது. ஆக, எந்தச் சபைக்குப் போனாலும் இந்தக் கட்டம் உண்டு. ஆனால் அது கடமைக்குச் செய்யப்படும் கட்டமாகவே பெரும்பாலும் முடிகிறது என்பது என் எண்ணம். நிக்கோலாய் ஆலயத்தில் ஒரு காலத்தில் அப்படி முடியவில்லை.

1980இல் கிழக்கு ஜெர்மனியின் புரொட்டஸ்டண்ட் சபைகள் நவம்பர் மாதத்தில் பத்து நாள் நீளும் சமாதான நாட்களைத் தொடங்கின. அதற்காக சாக்ஸனிப் பகுதி இளைஞர் போதகர் ஹரால்ட் ப்ரெட்ஷ்னைடர் ஓர் அடையாளத்தைத் தேர்ந்தெடுத்தார்: வாளைக் கலப்பையாக அடிக்கும் மனிதன். மீகா தீர்க்கதரிசியின் காட்சி. ஆனால் அதைச் சிலையாக்கி ஐ.நா. சபைக்கு 1959இல் பரிசளித்தது சோவியத் யூனியன். ஆட்சியாளர்கள் எப்படித் தடுப்பார்கள்! அச்சடிக்க அனுமதி வேண்டுமே என்ற சிக்கலுக்கும் அவரிடம் வழி இருந்தது. காகிதத்தில் அடித்தால் அது பிரசுரம், அனுமதி வேண்டும். துணியில் அடித்தால் அது ஜவுளி வேலை, வேண்டாம். எனவே புத்தகத்தில் வைக்கும் அடையாள நாடாவைத் துணியில் அடித்தார். பிள்ளைகள் அதே படத்தைச் சட்டைக்கையில் தைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். போலீஸ் கத்தரிக்கோலுடன் வந்தது. சட்டைக்கையில் வட்டமாக ஓட்டையோடு நடமாடுவது அப்புறம் ஒரு பெருமையாகிவிட்டது என்கிறார்கள்.

நிக்கோலாய் ஆலயத்துக்கு கிறிஸ்டியான் ஃபியூரர் போதகராக வந்ததும் அதே 1980இல்தான். அடுத்த ஆண்டு சமாதான நாட்களின்போது ஓர் இரவு இளைஞர்களைக் கூப்பிட்டு, மரச்சிலுவை ஒன்றைத் தரையில் கிடத்தி, யாருக்கு என்ன சொல்லவேண்டுமோ அதைச் சொல்லி ஒரு மெழுகுவர்த்தியை அதன்மேல் வைக்கச் சொன்னதாக அவர் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். வந்தவர்களில் பலருக்குச் சபையோடு தொடர்பே கிடையாது. சொல்ல ஏதாவது இல்லாத பையன் ஒருவன்கூட இல்லை என்று கண்டதும் அவருக்கு அந்த இடம் எதற்கு என்று புரிந்துவிட்டது. 1982 செப்டம்பர் 20ஆம் தேதி திங்கட்கிழமை முதல் வாரந்தோறும் ஐந்து மணிக்குச் சமாதான ஜெபம் தொடங்கியது. வாசலில் 'எல்லோருக்கும் திறந்திருக்கிறது' என்ற பலகை. சில திங்கள்களில் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்போதும் நிறுத்தவில்லை.

திறந்த கதவுக்குத் தொல்லையும் உண்டு. எண்பதுகளின் பிற்பாதியில் நாட்டைவிட்டு வெளியேற விண்ணப்பித்து, வேலையையும் மரியாதையையும் இழந்து காத்துக்கிடந்தவர்கள் இங்கே வர ஆரம்பித்தார்கள். இங்கேயே இருந்து நாட்டை மாற்றுவோம் என்ற குழுக்களுக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. சபை மேலிடத்துக்கு இரண்டு தரப்பையும் பிடிக்கவில்லை. 1988 கோடைக்குப் பிறகு, ஜெபத்தைத் தயாரிக்கும் உரிமையைக் குழுக்களிடமிருந்து மேற்பார்வைக் குரு ஃபிரெட்ரிக் மாகிரியுஸ் எடுத்துக்கொண்டார். ஆலயத்துக்குள்ளேயே கூச்சல். பேசிப் பேசி அடுத்த இளவேனிலில்தான் திரும்பக் கிடைத்தது. குழுக்களை இணைத்தவர் லூக்கா ஆலயத்துப் போதகர் கிறிஸ்டோஃப் வோன்னபெர்கர். வெற்றிக்குப் பிறகு எழுதப்படும் கதைகளில் இந்தச் சண்டை வருவதே இல்லை. வோன்னபெர்கருக்கு 1989 அக்டோபர் இறுதியில் மூளையில் பக்கவாதம் தாக்கிப் பேச்சு போய்விட்டது. உலகப் பத்திரிகைகள் லைப்ஸிக்குக்கு வந்து இறங்கியபோது அவரால் ஒரு வாக்கியமும் சொல்ல முடியவில்லை. மறக்கப்பட்டார். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் வேதனையான பக்கம் அதுதான்.

1989 செப்டம்பர் 4. லைப்ஸிக் வர்த்தகக் கண்காட்சிக்காக மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சிக்காரர்கள் ஊரில் இருந்தார்கள். ஜெபம் முடிந்து முற்றத்தில் இரண்டு பெண்கள் திறந்த நாடும் சுதந்திர மனிதர்களும் வேண்டும் என்று ஒரு பதாகையை விரித்தார்கள். சாதாரண உடையில் நின்ற ரகசியப் போலீஸார் கேமராக்களுக்கு முன்பே அதைப் பிடுங்கினார்கள். அடுத்த திங்களன்று ஜெபம் முடிந்து வெளியே வந்தவர்களில் பலரைக் கைது செய்தார்கள்.

நான் தேடிப்போன விஷயம் இங்கேதான் இருக்கிறது. கைதானவர்களின் பெயர்களைத் திங்கள் ஜெபத்தில் வாசித்தார்கள். பெயர்களை எழுதி ஆலயத்தின் ஜன்னல் கம்பிகளில் மாட்டினார்கள். கம்பிக்குக் கீழே மக்கள் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுவந்து வைத்தார்கள். கோயிலுக்குள் காலெடுத்து வைக்காதவர்களும் வேலைக்குப் போகும் வழியில் நின்று அந்தப் பெயர்களைப் படித்தார்கள். போலீஸ் பூக்களை அள்ளிப்போடும். மறுநாள் புதுப்பூ இருக்கும். துன்பப்படுகிறவர்களுக்காக ஜெபிக்கிறோம் என்பது அதுவரை உள்ளே நடந்த காரியம். பெயர் எழுதி மாட்டியதும் அது தெருவுக்கு வந்துவிட்டது.

அந்த ஜன்னல்கள் தெருமட்டத்தில் இருக்கின்றன. இன்று அங்கே சைக்கிள் சாய்த்து வைத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 7 கிழக்கு ஜெர்மனியின் 40ஆம் ஆண்டு விழா. அன்று லைப்ஸிக்கில் பிடிபட்டவர்களைப் புறநகரில் உள்ள விவசாயக் கண்காட்சித் திடலின் குதிரை லாயங்களில் அடைத்தார்கள். அந்த ஜூன் மாதம் பீஜிங்கில் போராட்டக்காரர்களை ராணுவம் சுட்டுக்கொன்றது எல்லார் மனதிலும் இருந்தது. 9ஆம் தேதி திங்கட்கிழமை. ஆஸ்பத்திரிகளில் ரத்தம் சேர்த்து வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளைப் பகலிலேயே பாலர் பள்ளியிலிருந்து கூட்டிப் போய்விடுங்கள் என்றெல்லாம் பேச்சு. மதியம் இரண்டு மணிக்கே ஆளும் கட்சி உறுப்பினர்கள் சுமார் 600 பேர் ஆலயத்தின் கீழ்த்தள இருக்கைகளை நிரப்பிவிட்டார்கள், மேலிடத்து உத்தரவு. ஃபியூரர் அவர்களை வரவேற்று, உழைக்கும் வர்க்கத்தார் வேலை முடிந்து நாலு மணிக்குத்தான் வருவார்கள், அதுவரை மாடியைப் பூட்டி வைக்கிறேன் என்றாராம். ஆளைக் கலாய்ப்பதற்கு அது உகந்த நாள் இல்லைதான். ஆனாலும் கலாய்த்திருக்கிறார். இடம் பிடிக்க வந்தவர்கள் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து, பாக்கியவான்கள் யார் யார் என்று இயேசு சொன்னதையும், கைதானவர்களுக்கான மன்றாட்டையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள்.

அன்று நான்கு ஆலயங்களில் ஒரே நேரத்தில் ஜெபம் நடந்தது. இசை நடத்துநர் கூர்ட் மசூரும் மூன்று கட்சிச் செயலாளர்களும் உட்பட ஆறு பேர் அமைதி காக்கச் சொல்லி எழுதிய வேண்டுகோள் ஆலயங்களிலும் தெரு ஒலிபெருக்கிகளிலும் வாசிக்கப்பட்டது. கதவைத் திறந்தபோது முற்றத்தில் கால்வைக்க இடமில்லை. கையில் மெழுகுவர்த்தி. ஒரு கை வர்த்தியைப் பிடிக்க, மறு கை காற்றுக்கு அணை கட்ட, கல்லெடுக்கக் கை மிச்சமில்லை என்று ஃபியூரர் சொல்வதுண்டு. சுமார் 70,000 பேர் நகர வட்டச் சாலையில் நடந்தார்கள். ரகசியப் போலீஸ் தலைமையகத்தைக் கடந்தும் ஒரு கண்ணாடி உடையவில்லை. சீர்திருத்த ஆலயத்தின் கோபுரத்தில் ஒளிந்திருந்த இரண்டு இளைஞர்கள் எடுத்த படம் மறுநாள் மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சியில் ஓடியது. சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

ஜெபத்தால் சுவர் விழுந்தது என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். அப்படி நேர்க்கோடு போடுவது எனக்குச் சம்மதமில்லை. ஹங்கேரி எல்லையைத் திறந்திருந்தது. மாஸ்கோவில் கோர்பசேவ் இருந்தார். கிழக்கு ஜெர்மனியின் கஜானா காலி. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டத்தைக் கண்டு உள்ளூர் அதிகாரிகள் போலீஸைப் பின்வாங்கச் சொன்னார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு அற்புதம் என்று மட்டும் சொன்னால், அந்த ஏழு வருடம் யாரும் வராத திங்கட்கிழமைகளில் கதவைத் திறந்து வைத்தவர்களின் பாடு என்னாவது? அவர்கள் செய்தது சின்னக் காரியம்: கிழமையும் நேரமும் மாறாமல், பெயர் சொல்லி, வெளியாருக்கும் இடம்விட்டு மன்றாடினார்கள். மக்களுக்குப் போக ஓர் இடம் தேவைப்பட்டபோது அந்த இடம் ஏற்கனவே இருந்தது.

ஜெபம் முடிந்து அட்டை எழுத வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் எழுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி. அவர் தலைமுறை பள்ளியில் படித்தது ரஷ்ய மொழி. எனக்கு ஜெர்மன் அரைகுறை. பின்னால் நின்ற மாணவன் உதவினான். "அந்த ஒன்பதாம் தேதி நீங்கள் இங்கே இருந்தீர்களா அம்மா?" என்று கேட்டேன். எல்லாச் சுற்றுலாப் பயணியும் கேட்கும் கேள்விதான். "இல்லை. கைக்குழந்தை இருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு வீட்டில் இருந்தேன். ஊரில் இப்போது யாரைக் கேட்டாலும் அன்றைக்கு இங்கே இருந்ததாகத்தான் சொல்வார்கள்" என்றார். பிறகு, தான் வர ஆரம்பித்தது தொண்ணூறுகளில், ஆலை மூடி வேலை போனபோது என்றார்.

அதுவும் இந்த ஜெபத்தின் ஒரு பகுதி. இரு ஜெர்மனிகளும் இணைந்ததும் கூட்டம் கரைந்தது. தொழிற்சாலைகள் வரிசையாக மூடின. ஃபியூரர் வேலையிழந்தவர்களுக்காக ஆலயத்திலேயே ஓர் உதவி அமைப்பைத் தொடங்கினார். திங்கள் மன்றாட்டில் அப்போது சிறையாளிகளின் இடத்தில் வேலையில்லாதவர்கள். 2003இல் இராக் போர். 2006 ஜனவரியில் லைப்ஸிக் பக்கத்து நிறுவனம் ஒன்றின் இரண்டு பொறியாளர்கள் இராக்கில் கடத்தப்பட்டார்கள். அவர்கள் மே மாதம் விடுதலையாகும் வரை ஒவ்வொரு திங்களும் ஜெபம் முடிந்து மக்கள் முற்றத்தில் நின்றார்கள். மறுபடி பெயர்கள், மறுபடி மெழுகுவர்த்திகள். இந்த நகரத்துக்கு அந்தப் பழக்கம் கையோடு இருந்தது. ஃபியூரர் 2008இல் ஓய்வுபெற்று 2014இல் காலமானார். அந்த ஆண்டின் இறுதியிலிருந்து, அகதிகளுக்கு எதிரானவர்களும் ஜெர்மன் நகரங்களில் திங்கட்கிழமை ஊர்வலம் போக ஆரம்பித்தார்கள். கிழமையைக் களவாடிக்கொண்டார்கள் என்று அட்டை வரிசையில் நின்ற மாணவன் கோபப்பட்டான்.

மறுநாள் காலை பால் லிஸ்ட் தெருவில் உள்ள மிஷன் மாளிகைக்குப் போனேன். தமிழர்கள் லைப்ஸிக்கில் கட்டாயம் எட்டிப் பார்க்க வேண்டிய இடம். 1836இல் டிரெஸ்டனில் தொடங்கி 1848இல் இங்கே வந்த லைப்ஸிக் மிஷன், சீகன்பால்க் 1706இல் தொடங்கிய தரங்கம்பாடிப் பணியை டேனிஷ்காரர்களுக்குப் பிறகு ஏற்று நடத்தியது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் தமிழ் கற்று, திருக்குறளை ஜெர்மனில் 1856இல் வெளியிட்டார். லத்தீன் மொழிபெயர்ப்பு அவர் இறந்த மறுவருடம் 1865இல் வந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மன் மிஷனரிகள் இந்தியாவைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஸ்வீடன்காரர்கள் துணை நிற்க, 1919இல் தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை சொந்தக்காலில் நின்றது. அதன் பிஷப்புக்கு இன்றும் தரங்கம்பாடி பிஷப் என்றே பெயர்.

இப்போது தமிழ்நாடு, தான்சானியா, பப்புவா நியூகினி சபைகளோடு கூட்டாளியாக இயங்குகிறது அந்த மிஷன். லைப்ஸிக்கில் எந்தச் சபையையும் சேராதவர்களே பெரும்பான்மை. மிஷனரி போன ஊர் நிரம்பியிருக்கிறது. அனுப்பிய ஊர் காலியாகிறது. யாருக்காக யார் மன்றாட வேண்டும் என்ற பழைய ஏற்பாடு தலைகீழாகிவிட்டது. அது நல்லது என்றே படுகிறது. துன்பப்படுகிறவர் எப்போதும் தூரத்தில் இருக்கிறார், நாம் வசதியான இடத்தில் இருந்துகொண்டு அவருக்காக வேண்டுகிறோம் என்ற நினைப்புக்கு அது மருந்து.

இன்றைய திங்கள் ஜெபத்தைப் பழம்பெருமையின் மிச்சம் என்று ஊரிலேயே சிலர் சொல்கிறார்கள். கூட்டத்தை வைத்துப் பார்த்தால் அப்படித்தான். 1982இலும் கூட்டத்தை வைத்துப் பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பார்கள். எனக்கு அது உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சாட்சி வாசலில் இருந்த அட்டைப் பெட்டி. நம் சபைகளில் அந்த நீண்ட பட்டியலை வாசிக்கிறவர்கள் ஒரு வாரமாவது அதை மடித்து வைத்துவிட்டு, ஒரே ஒருவரின் பெயரைச் சொல்லி, அவருக்கு என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்து அறிவித்துப் பார்க்கலாம். ராமேஸ்வரம் கடற்கரைச் சபைகளுக்குச் சிறையில் இருக்கும் மீனவர்களின் பெயர்களை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்நாட்டுச் சபைகளுக்குத்தான் சொல்ல வேண்டும்.

லைப்ஸிக் போகிறவர்களுக்கு: திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி, நிக்கோலாய் ஆலயம். கிளம்புமுன் சபை அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லை. எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. ஜெர்மன் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. மன்றாட்டில் வரும் ஊர்ப்பெயர்கள் எல்லாம் செய்தித்தாளில் நாம் தினமும் படிப்பவைதான்.